நேர்முகத் தேர்வு

காலை ஒன்பதரை மணி. ஓர் அலுவலகத்தின் நீண்ட தாழ்வாரத்தில், சுவரோரமாகப் போடப்பட்ட நாற்காலிகளில் இளைஞர் பலர் அமர்ந்திருக்கின்றனர். ஆடவரும் உளர், பெண்டிரும் உளர். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு கோப்பு. சிலர் அதனைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கின்றனர். சிலர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொள்கின்றனர். அறைக் கதவு திறக்கிறது. உள்ளே சென்றிருந்தவர் வெளியே வருகிறார். உடனே நால்வர் எழுந்து அவரைச் சூழ்ந்துகொள்கின்றனர். "என்ன கேட்டார்கள்?" என்பதே எல்லாருடைய வினாவும். அவர் ஏதோ ஒரு நாட்டின் தலைநகரைக் கேட்டார்கள் என்கிறார். கேட்டவர்கள் அப்பெயரை வாய்க்குள்ளேயே பலமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கின்றனர்.

அடுத்து உள்ளே செல்லும் இளைஞரிடம் அத்தலைநகரை எவரும் கேட்கவில்லை. அவர் தஞ்சை மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்தவர்; உழவர் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்குச் சென்றவர். "உங்கள் ஊரில் பாயும் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது?" என்று தேர்வாளர் கேட்கிறார். அவர் பிறந்து வளர்ந்த ஊர் அது. இளமையில் நாள்தோறும் நீராடிய வாய்க்கால் அது. ஆயினும், அவருக்கு விடை தெரியவில்லை. உலக நாடுகளின் தலைநகரங்களையெல்லாம் மனப்பாடம் செய்து வந்த அவர், தம் வீட்டுக் கொல்லைப்புறத்தை மறந்துவிட்டார்.

இவ்வினாவைத் தேர்வாளர் ஏன் கேட்டார்? நீர்ப்பாசன நூலில் அவர் எத்துணை வல்லவர் என்று அறிவதற்காக அன்று. தம்மைச் சுற்றியுள்ளவற்றைக் கண் திறந்து பார்க்கிறாரா, பார்த்ததைப் பற்றி எண்ணுகிறாரா, எண்ணியதைப் பிறருக்கு விளங்கச் சொல்கிறாரா என்று அறிவதற்காகவே கேட்டார். கற்ற அறிவை அளக்க எழுத்துத் தேர்வு இருக்கிறது. மக்களோடு பழகி, அவர்கள் குறையைக் கேட்டு, காலமறிந்து முடிவு செய்யும் திறனைத் தாளில் எழுதிய விடையால் முற்றும் அளந்துவிட இயலாது. ஆதலின், மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் குடிமைப் பணித் தேர்வில், எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண்ணும், ஆளுமைத் தேர்வு எனப்படும் நேர்முகத் தேர்வுக்கு 275 மதிப்பெண்ணும் ஒதுக்கப்பட்டுள்ளன. அது குறுக்கு விசாரணை அன்று என்றும், நோக்கத்தோடு கூடிய இயல்பான உரையாடலே என்றும் அவ்வாணையமே தன் அறிவிப்பில் விளக்குகிறது. இதனை அறிந்தால் பாதி அச்சம் நீங்கிவிடும்.

இம்முறை குறையற்றது என்று கூறிவிட முடியாது. எழுதிய விடைத்தாளை மீண்டும் திருத்திப் பார்க்கலாம். பேசிய சொல்லோ காற்றோடு போய்விடும். வேண்டியவர்க்கு மிகுதியாகவும் வேண்டாதவர்க்குக் குறைவாகவும் மதிப்பெண் இட அதில் வழியுண்டு. காஷ்மீரத்துப் பொறியியற் கல்லூரி ஒன்றின் மாணவர் சேர்க்கை பற்றிய வழக்கு உச்சநீதிமன்றத்திற்கு வந்தது. அங்கு எழுத்துத் தேர்வுக்கு 100 மதிப்பெண். நேர்முகத் தேர்வுக்கு 50. ஒவ்வொருவரிடமும் இரண்டு மூன்று மணித்துளிகளே பேசினர் என்றும், பெற்றோரைப் பற்றியும் இருப்பிடத்தைப் பற்றியும் கேட்டு அனுப்பிவிட்டனர் என்றும் மாணவர்கள் முறையிட்டனர். 1980ஆம் ஆண்டு அளித்த தீர்ப்பில், இத்தகைய சேர்க்கையில் மொத்த மதிப்பெண்ணில் நூற்றுக்கு 15 பங்குக்கு மேல் நேர்முகத் தேர்வுக்கு ஒதுக்குவது முறையன்று என்று நீதிமன்றம் கூறிற்று. உரையாடலை ஒலிப்பதிவு செய்வது நன்று என்றும் கருதிற்று. பின்னர், 2016ஆம் ஆண்டு சனவரி முதல் நாளிலிருந்து, மத்திய அரசின் கீழ்நிலைப் பணிகள் பலவற்றுக்கு நேர்முகத் தேர்வே நீக்கப்பட்டது. பரிந்துரைக் கடிதம் தேடி அலைந்து நொந்த ஏழைக் குடும்பங்களுக்கு அது பெரிய ஆறுதல் ஆயிற்று.

ஆயினும், எழுத்துத் தேர்வு காட்டத் தவறிய தகுதியை நேரில் பேசிய பேச்சு காட்டியதும் உண்டு. தமிழ்நாடு அதற்குச் சிறந்த சான்று ஒன்றை உடையது.

1910ஆம் ஆண்டு, கும்பகோணத்தில் வளர்ந்த இளைஞர் ஒருவர், திருக்கோவலூரில் துணை ஆட்சியராக இருந்த வி. இராமசாமி ஐயரைக் காணச் சென்றார். கல்லூரியின் இடைநிலைத் தேர்வில் அவர் தேறவில்லை. கணிதம் ஒன்றையே கற்று, ஏனைய பாடங்களைக் கைவிட்டதன் விளைவு அது. முந்திய ஆண்டில் அவருக்குத் திருமணமும் ஆகியிருந்தது. வருவாய்த்துறை அலுவலகத்தில் ஓர் எழுத்தர் வேலை கிடைத்தால் போதும் என்பதே அவர் வேண்டுகோள். அவர் கையில் பட்டமும் இல்லை, பரிந்துரையும் இல்லை. கணித முடிவுகள் எழுதிய குறிப்பேடுகளே இருந்தன. இந்தியக் கணிதக் கழகத்தைத் தோற்றுவித்தவரான இராமசாமி ஐயர் அவற்றைப் புரட்டிப் பார்த்து வியந்தார். இத்தகைய அறிவைக் கடைநிலை வேலை ஒன்றில் புதைத்துவிட அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலுள்ள கணித அறிஞர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். அவ்விளைஞரே சீனிவாச இராமானுஜன்.

அவ்வாண்டு இறுதியில் இராமானுஜன், நெல்லூரில் ஆட்சியராக இருந்த ஆர். இராமச்சந்திர ராவைக் கண்டார். அச்சந்திப்பைப் பற்றி ராவ் பிற்காலத்தில் எழுதி வைத்துள்ளார். வந்தவர் குட்டையான, பருத்த உருவினர், முகம் மழிக்காதவர், தூய்மையிலும் குறைவுடையவர். ஒளிவீசும் கண்கள் மட்டுமே அவரிடத்துக் குறிப்பிடத்தக்கவையாக இருந்தன. அவர் குறிப்பேட்டைத் திறந்து விளக்கத் தொடங்கினார். ஏதோ அரிய செய்தி என்பது மட்டும் ராவுக்குப் புரிந்தது. அது மெய்யா பிதற்றலா என்று முடிவு செய்யும் அளவுக்கு அவருக்குக் கணித அறிவு போதவில்லை. முடிவை ஒத்திவைத்து, மீண்டும் வருமாறு பணித்தார்.

மறுமுறை வந்தபோது இராமானுஜன் செய்ததுதான் எண்ணிப் பார்க்கத்தக்கது. கேட்பவருடைய அறிவின் எல்லையை அவர் அதற்குள் அளந்து கொண்டிருந்தார். ஆகவே, எளிய முடிவுகளை முதலில் காட்டினார். அவை விளங்கியபின் ஒருபடி மேலே சென்றார். பின்னர் மற்றொரு படி. இவ்வாறு கைப்பிடித்து அழைத்துச் செல்வதுபோலத் தம் ஆராய்ச்சியின் உச்சிவரை ராவை அழைத்துச் சென்றார். ராவின் ஐயம் நீங்கியது. "உமக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர்வதற்கு வயிற்றுக்குப் போதுமான சிறுதொகை வேண்டும் என்றார் இராமானுஜன். திங்கள்தோறும் 25 ரூபாய் ராவ் அளித்து வந்தார்.

அவ்வுதவியில் நெடுநாள் வாழ இராமானுஜன் விரும்பவில்லை. 1912ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 9ஆம் நாள், சென்னைத் துறைமுகக் கழகத்திற்கு எழுத்தர் வேலை வேண்டி விண்ணப்பம் எழுதினார். அதில், மெட்ரிகுலேஷன் தேறியதையும், இடைநிலை வகுப்புவரை படித்ததையும், சூழ்நிலை காரணமாக மேலே படிக்க இயலாமற்போனதையும் மறைக்காமல் குறிப்பிட்டார். அதன்பின், தம் காலம் முழுவதையும் கணிதத்தில் செலவிட்டு வருவதையும், அவ்வேலையைத் தம்மால் செம்மையாகச் செய்ய இயலும் என்பதையும் எழுதினார். மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் என்பவர் அளித்த நற்சான்றையும் இணைத்தார். மார்ச்சுத் திங்கள் முதல் நாள், மாதம் 30 ரூபாய் ஊதியத்தில் அவர் பணியில் அமர்ந்தார். அந்த மேசையிலிருந்தே அடுத்த ஆண்டு கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டி என்னும் பேராசிரியருக்குக் கடிதம் எழுதினார் என்பதும், 1918இல் இலண்டன் அரசக் கழகத்தின் உறுப்பினரானார் என்பதும் உலகறிந்தவை.

இராமானுஜன் போன்ற மேதைக்கு உரியது நமக்கு எவ்வாறு பொருந்தும் என்று மாணவர் சிலர் கேட்கலாம். அவருடைய கணிதம் எல்லார்க்கும் பொருந்தாது. அவர் பேசிய முறை எல்லார்க்கும் பொருந்தும். தாம் செய்ததைக் கேட்பவர்க்கு விளங்குமாறு சொன்னார். தேர்ச்சி பெறாததை மறைக்கவில்லை; அதனைச் சொல்லிப் புலம்பவும் இல்லை. வேண்டியது யாதென்று கேட்டபோது தயங்காமல் கூறினார். மழிக்காத முகத்தோடு செல்வதை மட்டும் அவரிடமிருந்து கற்க வேண்டியதில்லை. எல்லாத் தேர்வாளரும் இராமச்சந்திர ராவைப்போலப் பொறுமையுடையவராக இருப்பர் என்று நம்ப இயலாது.

நேர்முகத் தேர்வுக்கான ஆயத்தம் விண்ணப்பத்தை எழுதும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. தேர்வாளர் கையில் இருப்பது அவ்விண்ணப்பமே. அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் ஒரு வினாவின் விதை. ஆகவே, அனுப்புமுன் அதற்கொரு படி எடுத்து வைத்துக்கொள்ளவேண்டும். சொந்த ஊர், படித்த பாடம், முன்பு பார்த்த வேலை ஆகியவற்றைப் பற்றி ஐந்து மணித்துளி தடையின்றிப் பேச இயலுமா என்று வீட்டிலேயே பழகிப் பார்க்கவேண்டும். உடன் பயிலும் நண்பர் ஒருவரைத் தேர்வாளராக அமர்த்திக்கொள்வது நலம். கண்ணாடி முன் நின்று பேசுவதைவிட அது சிறந்தது. கண்ணாடி குறுக்குக் கேள்வி கேட்பதில்லை.

பலர் இடறுவது பொழுதுபோக்கு என்னும் பகுதியில். உயர்வாகத் தோன்ற வேண்டும் என்று கருதி, "நூல்கள் படித்தல்" என்று எழுதிவிடுகின்றனர். "அண்மையில் படித்த நூல் யாது?" என்று கேட்டால் பெயர் நினைவுக்கு வருவதில்லை. "தோட்டக்கலை" என்று எழுதியவரிடம், "இப்பருவத்தில் என்ன விதை போடலாம்?" என்று கேட்டால் கூரையைப் பார்க்கின்றனர். மற்றோர் இளைஞர், விடுமுறை நாட்களில் தந்தையின் சைக்கிள் கடையில் வேலை செய்வதாக எழுதியிருந்தார். அதனை எழுதுவதா வேண்டாவா என்று அவர் மிகவும் தயங்கியதுண்டு. தேர்வாளர் அதையே பிடித்துக்கொண்டார். "பஞ்சர் ஒட்டுவது எவ்வாறு? சொல்லும், கேட்போம்" என்றார்.

இளைஞரின் நாணம் அகன்றது. டியூபில் காற்றடித்து நீர்த்தொட்டியில் அமிழ்த்துவதையும், குமிழி கிளம்பும் இடத்தில் அடையாளம் இடுவதையும் கூறினார். அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்க்காவிட்டால் ஒட்டு பிடிக்காது என்றார். பசையைத் தடவியவுடன் ஒட்டக்கூடாது. அது சற்று உலரும்வரை பொறுக்கவேண்டும் என்றார். "எல்லாவற்றுக்கும் மேலாக, டயரின் உட்புறத்தைக் கையால் தடவி முள்ளோ ஆணியோ இருக்கிறதா என்று பார்க்கவேண்டும், ஐயா. அதை எடுக்காமல் டியூபை மாட்டினால், தெருமுனையைத் தாண்டுவதற்குள் காற்று இறங்கிவிடும்" என்று முடித்தார். குழுவினர் சாய்ந்திருந்த நாற்காலியிலிருந்து முன்னே நகர்ந்து கேட்டனர். வேலையின் ஒழுங்கும், அவ்வொழுங்கின் காரணமும் அறிந்தவர் ஒருவரை அவர்கள் கண்டனர். எந்த வழிகாட்டி நூலும் அவருக்கு அவ்விடையைக் கற்பித்திருக்க முடியாது.

வேலைக்கு அழைத்துள்ள நிறுவனம் யாது செய்கிறது, அதன் பணியிடங்கள் எங்குள்ளன, விண்ணப்பித்த பதவியின் கடமைகள் யாவை என்பனவற்றைக் கேட்டறிந்து செல்வது இன்றியமையாதது. அன்றைய நாளிதழைப் படித்துவிட்டுச் செல்லவேண்டும். மூலச் சான்றிதழ்களையும் அவற்றின் படிகளையும் வரிசையாக அடுக்கி, முதல் நாள் இரவே எடுத்து வைத்துவிடவேண்டும். உடை புதியதாக இருக்க வேண்டுவதில்லை. துவைத்துத் தேய்த்ததாக இருந்தால் போதும். கடன் வாங்கிய காலணி காலைக் கடிக்கும். கவனம் காலிலேயே நிற்கும். வெளியூரிலிருந்து செல்பவர் அரைமணி முன்னதாகச் சேரும் வண்டியை நம்பாமல், அதற்கும் முந்திய வண்டியில் செல்வதே நல்லது. வெறும் வயிற்றோடு செல்வது தவறு. சில இடங்களில் பிற்பகல் வரை காத்திருக்க நேரும்.

இக்காலத்தில் சில நிறுவனங்கள் கணினித் திரை வழியாகவும் நேர்முகத் தேர்வு நடத்துகின்றன. அதற்கும் ஒழுங்கு ஒன்றே. முகத்தில் வெளிச்சம் படுமாறு அமர்வதும், வீட்டாரிடம் முன்கூட்டியே சொல்லி அமைதி வேண்டுவதும் மட்டும் கூடுதல்.

அறைக்குள் இசைவு பெற்று நுழைந்து, "வணக்கம்" என்று கூறி, அமரச் சொன்னபின் அமர்வது மரபு. வினா முடியுமுன் விடை கூறத் தொடங்குவது பெரும்பிழை. வினாவின் பாதியைக் கேட்டு வேறொன்றுக்கு விடையளித்தவர் மிகப் பலர். வினா விளங்காவிடில், "மீண்டும் ஒருமுறை கூறவேண்டும், ஐயா" அல்லது "அம்மா" என்று கேட்கலாம். அதில் இழிவில்லை. ஆங்கிலம் சரளமாக வராதோர்க்கு அம்மொழியே பெரிய அச்சமாக நிற்கிறது. குடிமைப் பணித் தேர்விலேயே இந்திய மொழி ஒன்றில் உரையாட இடமுண்டு. பிற இடங்களிலும், தமிழில் கூறலாமா என்று பணிவோடு கேட்பதில் தவறில்லை. வேலைக்கு ஆங்கிலம் தேவையாயின், சிறு சிறு வாக்கியங்களில் பேசுவதே தக்கது.

எல்லாவற்றினும் கடினமானது, "தெரியவில்லை" என்று சொல்வது. ஒருவரிடம், "மேட்டூர் அணை எப்போது கட்டி முடிக்கப்பட்டது?" என்று கேட்டனர். அவருக்குத் தெரியாது. ஆயினும், "1950" என்று உறுதியாகக் கூறினார். "அப்படியானால், விடுதலைக்குப் பின் கட்டப்பட்டதோ?" என்றார் தேர்வாளர். "ஆம், ஐயா." "அந்த நீர்த்தேக்கத்திற்கு ஸ்டான்லி என்னும் ஆங்கிலேயர் பெயர் எவ்வாறு வந்தது?" இப்போது அவர் ஒரு கதை கட்டவேண்டியதாயிற்று, அக்கதையைத் தாங்க மற்றொரு கதை வேண்டியதாயிற்று. அணை முடிந்தது 1934இல். ஸ்டான்லி அப்போது சென்னை மாகாண ஆளுநர். ஆண்டு தெரியாமை சிறு குறை. அதனை மறைக்கப் புகுந்ததால், நாளை அலுவலகக் கணக்கில் பிழை நேர்ந்தாலும் இவர் இப்படியே மறைப்பார் போலும் என்று குழுவினர் எண்ண இடம் கொடுத்துவிட்டார். "ஆண்டு நினைவில்லை, ஐயா, ஆங்கிலேயர் காலத்தில் கட்டியது என்பது மட்டும் தெரியும்" என்று கூறியிருந்தால் உரையாடல் வேறு வழியில் சென்றிருக்கும்.

கேட்கத் தகாத வினாக்களைக் கேட்போரும் இருக்கக்கூடும். "திருமணம் ஆனபின் வேலையை விட்டுவிடுவீர் அல்லவா?" என்று பெண்களிடம் கேட்பது அவற்றுள் ஒன்று. ஆடவரிடம் அதனை யாரும் கேட்பதில்லை. அரசுப் பணியில் சமயம், சாதி, பால், பிறப்பிடம் முதலியவற்றால் வேறுபாடு காட்டலாகாது என்று அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு கூறுகிறது. சினம் கொள்ளாமல், "பணியை ஏற்றால் அதன் பொறுப்புகளை முழுமையாக நிறைவேற்றுவேன்" என்று கூறி நிறுத்திக்கொள்வது போதிய விடையாகும். அதற்குமேல் தம் இல்வாழ்க்கையை விளக்க எவரும் கடமைப்பட்டவர் அல்லர்.

மற்றொன்றையும் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருத்தல் வேண்டும். நேர்முகத் தேர்வு முடிந்ததும், "வைப்புத்தொகை கட்டினால் நாளையே ஆணை" என்று சொல்பவர் வேலை தருபவர் அல்லர். அத்தகையோரை நம்பித் தாயின் நகையை விற்றுக் கொடுத்துவிட்டுத் தெருவில் நின்ற குடும்பங்கள் உண்டு. மூலச் சான்றிதழ்களையும் சரிபார்த்தவுடன் திரும்பப் பெற்றுக்கொள்ளவேண்டும். ஈடாக எவரிடமும் விட்டுவரலாகாது.

தாழ்வாரத்தில் நாம் கண்ட தஞ்சை இளைஞர் அன்று மாலைப் பேருந்தில் ஊர் திரும்பினார். தம்மிடம் கேட்ட வினாக்களையெல்லாம் வழியிலேயே ஒரு குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். விடை தெரியாதவற்றின் எதிரே கோடிட்டார். வீட்டை அடைந்ததும், மாட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்த தந்தையிடம், "அப்பா, நம் வாய்க்கால் எங்கிருந்து வருகிறது?" என்று கேட்டார்.

தந்தை நிமிர்ந்து பார்த்தார். "ஏன் தம்பி, புது ஆற்றிலிருந்துதான். கல்லணையில் பிரிந்து வருகிறதே, அந்த ஆறு. மேட்டூர் அணை கட்டியபோது வெட்டியது என்று உன் தாத்தா சொல்வார்" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு திண்ணையில் வந்து அமர்ந்தார். எந்த மதகு எப்போது திறக்கும், முறைவைத்து நீர் விடும்போது எந்த வயலுக்கு முதலில் பாயும், கடைமடைக்கு நீர் வர எத்தனை நாள் ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினார். மகன் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டான்.